திலகவதியாருக்கு ஒரு கடிதம்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் வழியில், கெடில நதியை அடுத்து, திருவதிகை என்ற பழம்பதி இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாள், அவ்வூர் நந்தவனத்தின் அருகே திருப்பணியில் ஈடுபட்டிருந்த ஒரு பெண்மணியின் முன்னால், நெடுந்தூரம் நடந்து வந்த ஒரு மனிதன் வணங்கி நின்றான். இன்று நாம் திருப்பாதிரிப்புலியூர் என்று அழைக்கும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலிருந்து வந்த சமையற்காரன் அவன். அம்மையாரின் தம்பி கொடிய சூலை நோயால் உயிர் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறார் என்றும், உற்றார் எல்லோரும் கைவிட்ட பின் தமக்கையின் நினைவு வந்து, பிழைக்கும் வழி கேட்டு இரவுக்குள் திரும்பி வருமாறு தன்னை அனுப்பினார் என்றும் அவன் சொன்னான். அதைக் கேட்ட அம்மையார், தாம் அந்தப் பள்ளிக்கு வருவதற்கில்லை என்று மட்டும் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த அம்மையார் திலகவதியார். தம்பி, அப்போது சமணம் சேர்ந்திருந்தவரும் பிற்காலத்தில் திருநாவுக்கரசர் என்று நாடு போற்றியவருமான மருணீக்கியார். பெற்றோரையும், தமக்கென்று நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரையும் ஒருங்கே இழந்து, உயிரை விடத் துணிந்த வேளையில், காலில் விழுந்து கதறிய இந்தச் சிறு தம்பிக்காகவே உயிரைத் தாங்கிக்கொண்டவர் அவர். அப்படிப்பட்டவர், தம்பி நோயுற்றுக் கிடக்கிறான் என்று கேட்ட மாத்திரத்தில் ஓடாமல் நின்றார் என்றால், அந்த நிலையில் அவருடைய ஹிருதயம் எவ்வாறு இருந்திருக்கும்? சேக்கிழார் பெருமான் அதைச் சொல்லவில்லை. தூது வந்ததையும் தூது திரும்பியதையும் சில செய்யுட்களில் பாடிவிட்டு, மேலே போய்விடுகிறார். சமையற்காரன் கையில் ஓலை ஒன்றும் இல்லை; வாய்மொழியாக வந்த செய்திக்கு வாய்மொழியாகவே மறுமொழி சென்றது.

அவன் கையில் ஓர் ஓலை இருந்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கும் என்ற கேள்வியை நான்காம் வகுப்புக் குழந்தைகளின் முன்னே வைத்து, அந்த ஓலையை அவர்களையே எழுதச் சொல்ல வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் விண்ணப்பம். கதை சொல்லும் பாட்டைப் படித்து, அதில் வரும் ஒருவராகத் தன்னைப் பாவித்து, இன்னொருவருக்குக் கடிதம் எழுதுவது, குழந்தைக்கு எழுத்துப் பயிற்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பிறர் நெஞ்சில் புகுந்து பார்க்கும் பயிற்சியாகவும் அது ஆகிறது. கடலூரும் சிதம்பரமும் அந்தப் பயிற்சிக்குப் பிறந்த மண் என்று சொன்னால் மிகையாகாது.

ஆள் இல்லாத கடிதங்கள்

நம்முடைய தொடக்கப்பள்ளிகளில் கடிதம் கற்பிக்கப்படாமல் இல்லை. தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம், ஊர்த் திருவிழாவுக்கு வரும்படி நண்பனுக்கு அழைப்பு, சுற்றுலா செல்லப் பணம் வேண்டித் தந்தைக்கு ஒரு கடிதம் என்று சில மாதிரிகள் வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றன. ஆசிரியர் அவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட, குழந்தைகள் வரி பிசகாமல் படியெடுத்து, மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் மீண்டும் எழுதுகிறார்கள். அனுப்புநர், பெறுநர், இடம், நாள், விளித்தல், பொருள், இப்படிக்கு என்ற உறுப்புகள் எல்லாம் முறைப்படி அமைந்திருக்கும். ஆனால் எழுதியவரும் அதில் இருக்கமாட்டார், பெறுபவரும் இருக்கமாட்டார். காய்ச்சல் வராத குழந்தை காய்ச்சல் என்று எழுதும். நண்பனுக்கு எழுதிய அழைப்பை எந்த நண்பனும் படிப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாற்பது கடிதங்களும் ஒரே கடிதமாக இருக்கும்.

உறுப்புகளை அறிவது அவசியமல்ல என்று நான் சொல்ல வரவில்லை. முகவரி இல்லாத கடிதம் ஊர்போய்ச் சேராது. ஆயினும், கடிதம் என்பது எதிரில் இல்லாத ஒருவரோடு நாம் செய்யும் சம்பாஷணை என்ற மூலமான உண்மை குழந்தையின் உள்ளத்தில் பதிவதற்கு முன்பே, எந்த மூலையில் ஊர்ப்பெயர், எந்த மூலையில் தேதி என்ற விவகாரத்தில் அதைச் சிக்கவைத்துவிட்டால், எழுத்து என்பதே யாரும் கேட்காத இடத்தில் பேசும் பேச்சு என்ற அபிப்பிராயம் அந்தப் பிஞ்சு மனத்தில் வேரூன்றிவிடுகிறது.

குழந்தை பேசும்போது எதிரில் முகம் இருக்கிறது. புரியாவிட்டால் அந்த முகம் சுளிக்கும், மகிழ்ந்தால் மலரும், குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே சொல்லைக் கூட்டியும் குறைத்தும் பேசுகிறது. கட்டுரை எழுதச் சொன்னாலோ, எதிரில் வெறும் தாள்தான். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது கடிதம். அதில் முகம் கண்ணுக்கு எதிரில் இல்லை. ஆனால் மனத்துக்கு எதிரில் இருக்கிறது. பேச்சிலிருந்து எழுத்துக்குக் குழந்தை கடக்க வேண்டிய ஆற்றில் இதைவிட நல்ல ஓடம் இல்லை.

அப்படியானால் குழந்தை தன் சொந்த வாழ்க்கையிலிருந்தே கடிதம் எழுதலாமே, பாட்டு எதற்கு என்று கேட்கலாம். எட்டு வயதுக் குழந்தைக்குத் தூரத்தில் இருப்பவர் அநேகமாக யாரும் இல்லை. துபாயில் இருக்கும் தகப்பனாரின் முகம்கூடக் கைபேசித் திரையில் தினந்தோறும் தோன்றிவிடுகிறது. எழுதியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதன் வாழ்வில் எழுவதில்லை. கதையோ அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கித் தருகிறது. அக்காள் ஓர் ஊரில், தம்பி ஓர் ஊரில், தம்பிக்கு நோய், நடுவில் ஒரே ஒரு சமையற்காரன், அவனோ இரவுக்குள் திரும்ப வேண்டும். இப்போது எழுதாவிட்டால் வேறு எப்போது எழுதுவது?

கதைகளிலும் உரைநடைக் கதையைவிடப் பாட்டுக் கதைக்கு ஒரு விசேஷம் உண்டு. உரைநடை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகும். பாட்டு, வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுத் தாவும். அந்தத் தாவல்களுக்கு நடுவே கிடக்கும் இடைவெளிகளில்தான் குழந்தையின் கற்பனைக்கு இடம் கிடைக்கிறது. அன்றியும், சந்தம் காரணமாகப் பாட்டு காதில் தங்கிவிடுவதால், புத்தகத்தைத் திருப்பாமலேயே கதை முழுவதும் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும். எழுதும் குழந்தைக்கு அது பெரிய துணை.

பாட்டை வசனமாக்கிய மண்

பாட்டுக்குள்ளிருந்து கடிதம் எழுப்புவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நிலப்பகுதி, காவியத்தைச் சாமானியர் கையில் கொண்டுவந்து கொடுக்கும் காரியத்தைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. சோழப் பேரரசில் அமைச்சராக இருந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களால் ஆன பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது வரலாறு. அப்பெரிய காவியத்தை 1852-இல் எளிய வசனமாக எழுதி வெளியிட்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவரே சிறுபிள்ளைகளுக்காகப் பால பாடங்களை எழுதினார். 1864-இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். காவியம், வசனம், பள்ளிக்கூடம் என்ற மூன்றும் ஒரே ஊரில் ஒன்றையொன்று தேடிவந்து சேர்ந்தன.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பெரியபுராணத்தில் வரும் மனுநீதிச் சோழன் வரலாற்றை எடுத்துக்கொண்டு, 1854-இல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்ற வசன நூலை அவர் வெளியிட்டார். தேர்க்காலில் கன்று மடிந்ததை அறிந்த அரசன் தன்னையே நொந்து, எந்தப் பாவத்தைச் செய்ததனால் இது நேர்ந்தது என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கும் பகுதி அந்நூலின் உயிர்நிலை. காவியம் சுருங்கச் சொன்ன ஒரு துயரத்துக்குள் புகுந்து, அரசனாகவே நின்று, அரசனுடைய வாயாலேயே அவர் பேசினார். நம் குழந்தைகளிடம் நாம் கேட்பதும் இதைத்தான். தம் அன்பர்களுக்கு அடிகளார் எழுதிய திருமுகங்கள் பல இன்றும் அச்சில் கிடைக்கின்றன என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

கடிதத்தின் வடிவத்தை நான்கே அடிகளில் காட்ட வேண்டுமானால், அதற்கும் சிதம்பரத்திலேயே ஒரு மாதிரி உண்டு. கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் மடத்துக்கு விறகு சுமந்துவந்த பெற்றான் சாம்பான் என்ற ஏழை அடியாரிடம், தில்லைக் கூத்தப்பெருமானே ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சீட்டு ஒரு வெண்பா. எழுதுகிறவர் யார், யாருக்கு எழுதுகிறார், யாரைப் பற்றி, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் ஒரு சொல்கூட வீணாகாமல் அமைந்திருக்கின்றன. விறகு சுமந்தவனுக்கு வேற்றுமை பாராமல் தீக்கை கொடுக்க வேண்டும் என்பதே அதன் செய்தி. கடிதத்தின் உறுப்புகளைக் கற்பிக்க வேறு சூத்திரம் வேண்டுவதில்லை.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். முதற்கடிதம், தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதியது. அதைக் கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது, கௌசிகன் என்ற அந்தணன் வழியில் தேடிக் கொண்டுவந்து கொடுத்த ஓலை. அதைப் படித்தவன், அவள் மீது தவறில்லை என்று தெளிந்ததோடு நில்லாமல், அந்த ஓலையின் வாசகம் தன் தாய் தந்தையருக்குத் தானே எழுதியதுபோலவும் பொருந்தியிருப்பதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்கும்படி திருப்பிக் கொடுத்தனுப்புகிறான். பூவினால் எழுதிய கடிதம் தோற்றது. உண்மையினால் எழுதிய கடிதம் இரண்டு வீட்டுக்குப் பயன்பட்டது. அலங்காரம் வேறு, உள்ளம் வேறு என்பதை ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியுமா?

ரோமாபுரியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவிட் என்ற கவி, பழைய காவியங்களில் வரும் நாயகியர் தங்கள் நாயகர்களுக்கு எழுதுவதாகப் பாவித்து ஒரு நூல் முழுவதும் கடிதங்களாகவே பாடினார். யுத்தத்துக்குப் போன கணவனுக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்த பெனலோப்பியின் கடிதம் அதில் முதலாவது. இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் இன்றும் கதைப்பாட்டைப் படித்த பிள்ளைகளைக் கொண்டு பாத்திரங்களின் பெயரால் கடிதம் எழுதச் செய்கிறார்கள். தேசம் எதுவானாலும், பாட்டில் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் ஆசை மனித சுபாவத்தில் ஊறியது.

ஒரு வாரப் பாடம்

இனி, வகுப்பறையில் இதை எவ்வாறு நடத்துவது என்று பார்ப்போம். அவசரப்படாமல் ஒரு வாரம் எடுத்துக்கொள்வது நலம்.

முதல் நாள் எழுதுகோலைத் தொடவே வேண்டாம். ஆசிரியர் கதையை நன்றாகச் சொல்லி, பாட்டை இசையோடு இருமுறை பாடிக் காட்டட்டும். பெரியபுராணச் செய்யுள் குழந்தைக்குக் கடினம் என்று தோன்றினால், இரண்டொரு செய்யுளை மட்டும் ஓசைக்காகப் பாடிவிட்டு, மற்றவற்றை வசனத்தில் சொல்லலாம். திருவதிகை எங்கே, திருப்பாதிரிப்புலியூர் எங்கே என்பதை வரைபடத்தில் காட்டி, இடையே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடச் செய்யலாம். பேருந்தில் அந்தச் சாலையில் போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கதை அவர்களுடைய ஊர்க்கதையாகிவிடும்.

இரண்டாம் நாள் நடிப்பு. ஒரு குழந்தை திலகவதியாராக நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும்: தம்பி சமயம் மாறிப்போனபோது உங்களுக்குக் கோபம் வந்ததா? சமையற்காரன் சொன்னதும் முதலில் என்ன நினைத்தீர்கள்? ஏன் அவனோடு போகவில்லை? விடை சரியா தவறா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பாட்டில் இல்லாததைக் கேட்பதும், பாட்டுக்கு முரண்படாமல் விடை சொல்வதுமே விளையாட்டின் விதி. இந்தச் சம்பாஷணையில் எழும் சொற்களை ஆசிரியர் பலகையின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தால், மறுநாள் எழுதுவதற்கு வேண்டிய மூலதனம் சேர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் நான்கு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். யார் எழுதுகிறார்? யாருக்கு? எந்த நேரத்தில்? எதற்காக? தம்பி அக்காளுக்கு எழுதலாம். அக்காள் தம்பிக்கு எழுதலாம். இரண்டுபேரையும் பார்த்துவிட்டுத் திரும்பும் சமையற்காரன் தன் வீட்டுக்கு எழுதலாம். பெயர்கூடச் சொல்லப்படாத அந்தச் சமையற்காரனைத்தான் குழந்தைகள் பலரும் விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் நம்புகிறேன். பெரியவர்களுக்கு இடையே செய்தி சுமந்து ஓடும் அனுபவம் அவர்களுக்கு நிரம்ப உண்டல்லவா? தேர்ந்தெடுத்த பின், பக்கத்துக் குழந்தையிடம் தன் கடிதத்தை வாயாலேயே சொல்லிப் பார்க்கட்டும். வாயில் வராதது கையில் வராது.

நான்காம் நாள் முதற்பகுதியில், ஆசிரியரும் குழந்தைகளும் சேர்ந்து பலகையில் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். ஆசிரியர் ஒரு வாக்கியம் எழுதி, அடித்து, மாற்றி எழுதுவதைக் குழந்தைகள் பிரத்தியட்சமாகப் பார்க்கவேண்டும். பெரியவர்களுக்கும் முதல்முறையில் சரியான சொல் அகப்படுவதில்லை என்ற ஞானம் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பிறகு அந்தக் கடிதத்தை அழித்துவிடுவது முக்கியம். அழிக்காவிட்டால் நாற்பது படிகள் பிறந்துவிடும். அதன்பின் அவரவர் கடிதத்தை அவரவர் எழுதட்டும்.

ஐந்தாம் நாள், எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிக்கக் கேட்டு, ஓர் இடத்தை மட்டும் திருத்தி, மடித்து, முகவரி எழுதி, வகுப்பு அஞ்சல்பெட்டியில் போடவேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினால் அஞ்சல்பெட்டி ஆயிற்று. அடுத்த வாரம் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பங்கிட்டுக் கொடுத்து, பெற்றவர்களைப் பதில் எழுதச் சொல்ல வேண்டும். பதில் வராத கடிதம் பாதிக் கடிதமே.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படியில் இருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாக வைத்துக் கற்பிக்கும் முறை ஆசிரியர்களுக்குப் பழக்கமானதே. அரும்பு நிலையில் இருப்பவர் ஒரு படம் வரைந்து, தாம் சொல்லும் ஒரு வாக்கியத்தை ஆசிரியர் எழுதித்தர, அதன் கீழ்க் கையெழுத்திடலாம். மொட்டு நிலையில் அஞ்சலட்டை அளவில் நான்கைந்து வாக்கியங்கள். மலர் நிலையில் ஒரு முழுக் கடிதம். மூவருடைய கடிதமும் அதே பெட்டியில்தான் விழவேண்டும்.

அக்காளும் தாங்களும்

கடிதம் எழுதும்போது தமிழ்க் குழந்தை சந்திக்கும் முதல் பிரச்சினை, நீயா, நீங்களா, தாங்களா என்பது. தம்பிக்கு எழுதும் திலகவதியார் 'நீ' என்றுதான் எழுதுவார். அந்த 'நீ'யில் அன்பு இருக்கிறது. அக்காளுக்கு எழுதும் மருணீக்கியார் என்ன எழுதுவார்? சிறுவயதில் 'நீ' என்று அழைத்துப் பழகியவர், தவறு செய்துவிட்டு வருந்தும் வேளையில் 'தாங்கள்' என்று எழுதுவாரா? ஒரே ஒரு பிரதிப்பெயரில் உறவின் தூரமும் நெருக்கமும் வெளிப்பட்டுவிடும் இந்த நுட்பத்தை இலக்கணப் பாடத்தில் விளக்குவது கடினம். கடிதத்தில் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

இரண்டாவது பிரச்சினை, பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையே உள்ள பள்ளம். 'வயித்த வலிக்குதுக்கா' என்று சொல்லும் குழந்தை 'வயிறு வலிக்கிறது, அக்கா' என்று எழுதக் கற்கவேண்டும். முதற்படியில் பேச்சுமொழி வந்துவிட்டால் அதைக் குற்றமாக எண்ணித் தடுக்கவேண்டாம். உணர்ச்சி முதலில் வந்த வழியே வரட்டும். இரண்டாம் படியில், தூரத்து ஊரில் இருப்பவரும் படிக்கும்படி எழுதுவோம் என்று சொன்னால், எழுத்துமொழி எதற்கு இருக்கிறது என்பதன் காரணம் அதற்கே விளங்கும்.

எழுத்துப் பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திலகவதியாரின் கண்ணீரைக் குழந்தை எழுதியிருக்கும் தாளில், றகர ரகரத்துக்காகச் சிவப்பு மையால் சுழிப்பது, அழுபவரிடம் சென்று உச்சரிப்பைத் திருத்துவது போன்றது. பிழைகளைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசிய பின், அஞ்சலில் சேர்க்கும் நற்பிரதி எழுதும் கட்டத்தில், படிப்பவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்ற மரியாதையின் பெயரால் திருத்தவேண்டும்.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால், அழகிய கையெழுத்தையும் பக்கத்தின் நீளத்தையும் அளவுகோலாக வைக்காமல், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்தக் கடிதத்தைப் படித்தால் தம்பி எழுந்து வருவாரா? கதை முழுவதையும் திரும்பச் சொல்லும் கடிதத்தைப் படித்து எழுந்து வரமாட்டார். அவருக்குத்தான் கதை தெரியுமே. நீதிபோதனை செய்யும் கடிதத்தைப் படித்தும் வரமாட்டார். அக்காள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று, சிறுவயதில் காலைக் கட்டிக்கொண்டு அழுத அந்த நாளின் ஞாபகம் போன்ற ஒன்று, அந்தக் கடிதத்தில் இருந்தால் வருவார்.

வேறு பாட்டுகள், சில எச்சரிக்கைகள்

எல்லாச் சமயத்துக் குழந்தைகளும் படிக்கும் பள்ளியில் ஒரே சமயத்தின் கதையை மட்டும் எடுத்தாள்வது நியாயமாகாது. இந்த வட்டாரத்திலேயே பிற சமயக் கதைகளுக்கும் பஞ்சம் இல்லை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடி முடிக்க ஆதரவு தந்த வள்ளல் அபுல்காசிம் மரைக்காயர், சிதம்பரத்துக்கு அருகில் உள்ள பறங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொல்ல, நபிகள் நாயகம் அதற்குப் பிணை நின்றதும், சொன்னபடி மான் திரும்பி வந்ததும் அக்காவியத்தில் உள்ள நிகழ்ச்சி. மான் வேடனுக்கு எழுதும் கடிதம், குட்டி தாய்க்கு எழுதும் கடிதம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் எழுதக்கூடிய பொருள் அது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாடிய 'ஆசிய ஜோதி'யில், மயங்கிக் கிடந்த சித்தார்த்தருக்குப் பால் கொடுக்க, தன் குலத்தை நினைத்துத் தயங்கிய இடைச்சிறுவனின் கதை வருகிறது. அன்று மாலை வீடு திரும்பிய அந்தச் சிறுவன், வெளியூரில் இருக்கும் பாட்டிக்கு என்ன எழுதியிருப்பான்?

பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' 1912-இல் முதற்பாகம் வெளிவந்த காவியம். புதுச்சேரியை விட்டு 1918-இல் வெளியேறிய அவர் சிறைப்பட்டது கடலூரில். திரௌபதி அம்மன் கோயில்களும் தெருக்கூத்தும் நிறைந்த இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாரதக் கதை புத்தகத்துக்கு முன்பே கண்ணால் அறிமுகமானது. சூதுக்கு அழைக்கும் செய்தியைத் தன் மனத்துக்கு விரோதமாகச் சுமந்து செல்லும் விதுரன், அந்த அழைப்போடு கூட இரகசியமாக ஒரு சீட்டும் கொடுத்திருந்தால் அதில் என்ன இருக்கும் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பில் கூர்மையான மாணவர்களுக்கும் ஒரு வார காலம் போதாது.

சில கதைகளில் ஆசிரியர் மிகுந்த ஜாக்கிரதையோடு கால் வைக்கவேண்டும். நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லி ஏங்கி, தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே போக முடியாமல் நின்ற நந்தனாரின் கதையைச் சிதம்பரத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. நந்தனாரின் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916-இல் கல்விக் கழகம் நிறுவி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறந்த ஊர் அது. ஆயினும், நந்தனாராக நின்று எழுதும்படி எந்தக் குழந்தையையும் ஆசிரியர் சுட்டி நியமிக்கக்கூடாது; அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். அதைவிட, வெளியே நிறுத்திவைத்தவர்களுக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதும் கடிதமே பொருத்தமானது என்பது என் கருத்து. ஏன் விடவில்லை என்ற கேள்வியைக் குழந்தை எழுதினால், அதை மழுப்பாமல் அப்படியே அஞ்சலில் சேர்ப்பது ஆசிரியரின் கடமை.

கடலைப் பற்றிய பாடத்திலும் இதே கவனம் தேவை. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அக்கல்லே மிதவையாகக் கரைசேர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்பர்; கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப்பெயரே அதைச் சொல்கிறது. அன்று கரையில் நின்ற ஒரு மீனவர், தாம் கண்ட காட்சியை உறவினருக்கு எழுதுவதாகச் சொன்னால் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் உற்சாகமாக எழுதுவார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26-இல் அதே கடல் பொங்கிவந்து உயிர்களை வாரிக்கொண்டு போன ஞாபகம் அந்த வீடுகளில் இன்னும் ஆறவில்லை. எழுத மனமில்லாத குழந்தைக்கு வேறு பாட்டு ஒன்று தயாராக இருக்கட்டும்.

வகுப்புக்கு வெளியே

வகுப்புப் பெட்டியில் பழகிய பின், உண்மையான அஞ்சலுக்குச் செல்லலாம். நம் நாட்டில் 1879-இல் கால் அணாவுக்கு அறிமுகமான அஞ்சலட்டை, ஏழை எளியவர்களின் கடிதமாக நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. 1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கில் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணில், கடலூருக்கு 607001, சிதம்பரத்துக்கு 608001. கடலூர்ப் பள்ளி ஒன்றில் திலகவதியாராக எழுதும் பிள்ளைகளும், சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் மருணீக்கியாராக எழுதும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொண்டால், அஞ்சற்காரர் கொண்டுவந்து கொடுக்கும் அந்தக் காலைப்பொழுதில் எழுத்து என்பது என்ன என்று எந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. உலக அஞ்சல் ஒன்றியம் 9 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு கடிதப் போட்டி நடத்துகிறது. தன்னைக் கடலாகப் பாவித்துக்கொண்டு, தன்னை ஏன், எவ்வாறு பாதுகாக்க வேண்டும் என்று ஒருவருக்கு எழுதும்படி 2025-இல் அது பொருள் கொடுத்தது. பிறிதொன்றாக நின்று பேசும் இந்த வித்தையில் நம் குழந்தைகள் முன்பே பழகியிருந்தால், அந்தப் போட்டிக்கு அஞ்சவேண்டியதில்லை.

இனித் திருவதிகைக்குத் திரும்புவோம். சமையற்காரன் மறுமொழியைக் கொண்டுபோய்ச் சேர்த்த பின் என்ன நடந்தது என்பதைச் சேக்கிழார் சொல்கிறார். தம்பி பதில் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பள்ளியின் பாயும் கமண்டலமும் மயிற்பீலியும் அங்கேயே கிடக்க, வெள்ளாடை உடுத்தி, யாரும் அறியாதபடி இரவோடிரவாக நடந்து வந்து, தமக்கையாரின் காலடியில் விழுந்தார். அக்காள் அவரை எடுத்து, திருநீறு கொடுத்து, பொழுது புலர்வதற்கு முன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். தேவாரத்தின் ஒரு பெரும் பகுதி அந்த விடியற்காலையில் தொடங்கியது. வரமாட்டேன் என்று அக்காள் சொல்லியனுப்பிய ஒரு சொல்லுக்கு, நோயாளி ஒருவரை எழுப்பி நடக்கவைத்த அந்த வல்லமை எங்கிருந்து வந்தது என்பதை, நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் யோசித்தால், அன்றைய பாடம் நிறைவேறிவிட்டது.